மஞ்சள் தண்ணீர் தெளித்த கம்ப்யூட்டர்

நாற்பதைத் தாண்டி, மாத்திரை அட்டையில் இருக்கும் எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேடும் என் சோட்டுப் பெண்களே, உங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டார்கள்தானே? செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும் என்றார்கள்தானே? ஆயுத பூசைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள்தானே? எங்கள் வீட்டிலும் வைத்தார்கள். அந்தச் சந்தனத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். இனிப்பான பழைய நினைவு ஏதாவது கிடைக்கும் என்று உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அப்போது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். நைனார்பாளையத்தில் பெரியப்பாவுக்கு ரைஸ் மில் இருந்தது. பெயர்தான் அவருடையது, ஓடியாடி உழைத்தது என் அப்பா. பெரியப்பாவின் மாடி வீடும் எங்கள் ஓட்டு வீடும் மில்லின் மதில் சுவருக்குள்ளேயே இருந்தன. நெல் அவியும் வாசனையில்தான் விடியும். தவிட்டுத் தூசி தலைமயிரில், பாடப் புத்தகத்தில், சோற்றுத் தட்டில் எல்லாம் ஒரு பூச்சாகப் படிந்திருக்கும். நெல் காயப்போடும் களத்தில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். அங்கிருந்து சாமை மூட்டையோடு இறங்கி வருகிறவர்களைப் பெரியப்பா வெயிலிலேயே நிற்க வைத்து விலை பேசுவார். யாரையும் உட்காரச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. என் அப்பாவுக்கே மில் ஆபீஸ் அறையில் நாற்காலி கிடையாது.

அந்த அறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது மில் கணக்கு எழுதத்தான் என்று ஊருக்குச் சொன்னார்கள். உண்மையில் அது பாலிடெக்னிக்கில் படித்த அண்ணனுக்காக வந்தது. அண்ணன் என்றால் பெரியப்பாவின் ஒரே மகன். அதில் அவன் செய்ததெல்லாம் கார் பந்தய விளையாட்டு ஒன்றுதான். அதுவும் சரியாக ஓடாது. கார் வளைவில் திரும்பும்போது படம் விக்கி விக்கி நகரும். "சனியம் புடிச்ச பொட்டி" என்று மேசையை உதைத்துவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அவன் போன பிறகு நான் உட்காருவேன். மதர்போர்டோடு வந்த சின்ன ஆங்கிலப் புத்தகத்தைப் பாலித்தீன் உறையிலிருந்துகூட யாரும் பிரிக்கவில்லை. நான் பிரித்தேன். பள்ளிக்கூட அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். புரிந்தவரை விஷயம் இவ்வளவுதான். அந்தப் பிராசஸரின் வேகம் எண்ணூறு மெகாஹெர்ட்ஸ். ஆனால் அது பிறவியிலேயே எண்ணூறு இல்லை. நூறு என்ற அடிப்படை வேகத்தை எட்டால் பெருக்கி எண்ணூறு ஆக்குகிறார்கள். அந்த எட்டை மாற்ற முடியாது. நூறை மாற்றலாம். பெட்டியைப் போட்டதும் டெலீட் பொத்தானை அழுத்தினால் ஒரு நீலத் திரை வரும். அங்கே போய் நூறை நூற்றுமூன்று ஆக்கலாம், நூற்றைந்து ஆக்கலாம். பெட்டி தாங்கினால் தாங்கும். தாங்காவிட்டால் திரை எழும்பாது. அப்போது உள்ளே இருக்கும் வட்டமான பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு மாட்டினால் பழையபடி நூறுக்கு வந்துவிடும்.

முதல் தடவை திரை எழும்பாமல் போனபோது பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாட்டியதும் பீப் என்று சத்தம் வந்ததே, அந்தச் சத்தம் இப்போதும் எனக்குப் பிடிக்கும்.

வேகத்தை ஏற்றினால் சூடு ஏறும். சூடுதான் எதிரி. பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தவிட்டுத் தூசி அடையாக அடைந்திருந்தது. அப்பா மூட்டையில் மார்க் போடும் பிரஷ் ஒன்றை எடுத்துத் தூசியைத் தட்டினேன். பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். அதே நீலத் திரையில் உள்ளே எத்தனை டிகிரி என்று காட்டும் ஒரு பக்கம் உண்டு. அதைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி நூற்றுப்பன்னிரண்டில் நிறுத்தினேன். பெட்டியைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 896 என்று வரும். அதற்கு மேல் போனால் விளையாட்டு நடுவில் உறைந்துபோனது, விட்டுவிட்டேன். எவ்வளவு ஏற்றலாம் என்பதைவிட எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் அந்த வேலையே. அது எனக்கு அந்த வயதில் தெரிந்திருந்தது.

அண்ணன் மறுநாள் கார் ஓட்டிப் பார்த்தான். கார் வழுக்கிக்கொண்டு திரும்பியது.

"இன்னா பண்ண இத்த?" என்றான்.

சொன்னேன். மூடியைப் போடக் கூடாது, விசிறியை நிறுத்தக் கூடாது, இதற்கு மேல் ஏற்றக் கூடாது என்றும் சொன்னேன். பாதி கேட்டான். அந்த வாரமே பாலிடெக்னிக் நண்பர்களை அழைத்துவந்து, "எண்ணூறு பொட்டிடா இது. தொள்ளாயிரத்துல ஓட்டிக்கினு கீறேன்" என்று காட்டினான். அவர்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தது நான். கொடுத்துவிட்டு, "நான்தான் ஏத்துனேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

பெரியப்பாவுக்கு மட்டும் யார் உட்கார்ந்தால் பெட்டி ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்திருந்தது. ஒரு சாயங்காலம் அப்பாவையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு, "பத்தாவதுல மார்க் எடுத்துடு. கள்ளக்குறிச்சில கம்ப்யூட்டர் குரூப்புல சேத்துவுட்டுர்றேன்" என்றார். எங்கள் குடும்பத்தில் யார் எந்தப் பள்ளியில் என்ன படிப்பது என்பது அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். வந்துவிட்டது. நான் கால் தரையில் படாமல் நடந்தேன். எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். பட்டுப் பாவாடை கேட்டதில்லை, கம்மல் கேட்டதில்லை. அந்த குரூப்பில் ஒரு பெஞ்சு, அவ்வளவுதான் கேட்டேன்.

ஆயுத பூசை வந்தது. மில்லில் அது பொங்கலைவிடப் பெரிசு. இயந்திரங்களைக் கழுவி, பட்டை போட்டு, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை பரப்பி வைப்பார்கள். பெரியப்பாவிடம் ஒரு முறை உண்டு. கற்பூரம் காட்டிப் பூசணிக்காய் உடைத்ததும் ஒவ்வொரு இயந்திரமும் ஒரு சுற்று ஓடி நிற்க வேண்டும். ஓடாவிட்டால் அந்த வருடம் விளங்காது என்பார்.

அன்று காலை நான் விலக்கானேன். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்த மூன்று நாளும் இடம் ஆபீசுக்குப் பின்னால் இருந்த சாக்கு ரூம். தனித் தட்டு, தனி டம்ளர், ஒரு கோரைப்பாய். சணல் சாக்கின் நெடி தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். அந்த அறைக்கும் ஆபீசுக்கும் நடுவில் ஒரு கம்பி ஜன்னல் இருந்தது. ஊரே பூசைக்கு நிற்க, நான் சாக்கு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து அந்த ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பார்த்தது, பெட்டியின் மூடி திரும்ப மாட்டியிருந்தது. மூடி இல்லாவிட்டால் சந்தனம் எங்கே வைப்பது? மூடியின் காற்றுத் துளைகள் மேலேயே பெரியம்மா மூன்று விரலால் பட்டை இழுத்து வைத்திருந்தாள். அதோடு விடவில்லை. அண்ணனின் நண்பர்கள் எல்லாம் வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்துவிட்டுப் போகிறார்கள், புள்ளையின் பொட்டிக்குக் கண் பட்டுவிடும் என்று, தன் பழைய பட்டுப் புடவையில் கிழித்த துண்டைப் பெட்டியைச் சுற்றி அம்மனுக்குக் கட்டுவதுபோல் கட்டியிருந்தாள். மேசை விசிறியை எடுத்துப் பெரியப்பாவுக்கு வைத்துவிட்டார்கள்.

"அம்மா, அத்த அவுக்கச் சொல்லுமா" என்று ஜன்னலிலிருந்து கூப்பிட்டேன். பூசை மணி அடித்துக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே, "பூசை நேரத்துல கொரல் குடுக்காத" என்றாள்.

பூசணிக்காய் உடைத்தார்கள். அரவை மிஷின் ஒரு சுற்று ஓடி நின்றது. அடுத்து அண்ணன் ஆபீசுக்குள் வந்து பெட்டியைப் போட்டான். கறுப்புத் திரை வந்தது. அந்தத் தூரத்திலிருந்து எழுத்தைப் படிக்க முடியாது. ஆனால் எண் வரும் இடம் எனக்குத் தெரியும். எப்போதும் மூன்று இலக்கம் நிற்கும் இடத்தில் நான்கு இலக்கம் நின்றது. ஆயிரம். நண்பர்களுக்குக் காட்ட அவனே நீலத் திரைக்குள் போய் ஏற்றி வைத்திருக்கிறான். சும்மா ஆயிரம் எழும்பாது. மின் அழுத்தத்தையும் கூட்டியிருக்க வேண்டும். கூட்டினால் சூடு கண்டபடி ஏறும் என்று அந்தச் சின்னப் புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது.

சாமி பாட்டு ஒன்று போட்டான். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு சுற்றோடு அவன் நிறுத்தவில்லை. அடுத்த பாட்டும் ஓடியது, அதற்கடுத்ததும். பெட்டிக்குள் இருக்கும் சின்ன விசிறியின் சத்தம் ஏறிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது. பாட்டு ஒரே எழுத்தில் சிக்கி அரற்ற ஆரம்பித்தது. அவன் அணைத்துவிட்டு மறுபடி போட்டான். பட்டுத் துணி அப்படியே இருந்தது.

நான் சாக்கு ரூமை விட்டு ஓடினேன். களத்தைச் சுற்றிக்கொண்டு, வாழைக்கன்றைத் தள்ளிக்கொண்டு, நேராக ஆபீசுக்குள் போய்ப் பட்டுத் துணியைப் பிடித்து இழுத்தேன். மூடியில் கை பட்டதும் சுட்டது. பிளக்கைப் பிடுங்கக் குனிந்தேன். என் கை ஒயரில் இருக்கும்போதே திரை அணைந்தது. கருகிய வாடை வந்தது. அரக்கைச் சட்டியில் போட்டுத் தீய்த்ததுபோல் இருந்தது.

அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது என்ன? விலக்கான ஒரு பெண் பூசை அறைக்குள் ஓடிவந்தாள், தொட்டாள், பெட்டி எரிந்தது.

"அடிப் பாவி! தூரமா கீற பொண்ணு பூசையில வந்து கைய வெக்கிறியே!" பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பெரியப்பா, அது சூட்டுல போச்சுங்க. அண்ணன் ஆயிரத்துக்கு ஏத்திட்டாருங்க. துணி கட்டி, மூடி போட்டு..."

"நானா? நான் சாமி பாட்டு போடத்தாம்பா ஆன் பண்ணேன். வேற ஒன்னும் தொடல" என்றான் அண்ணன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நாலு நம்பர் இருந்துச்சுங்க, நான் பாத்தேன்!"

அப்பா அறைந்தார். மில் ஆட்கள், அண்ணனின் நண்பர்கள், எல்லோர் முன்னாலும் அறைந்தார். அதுவரை என் மேல் கை வைத்ததில்லை அவர். பெரியப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்துதான் அடித்தார் என்று இந்த வயதில் எனக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? அந்த அறை அறைதான். அவர் செத்துப் பல வருடம் ஆகிறது, நான் மன்னிக்கவில்லை.

இனிமேல்தான் கூத்து. தீட்டுக் கழிக்க வேண்டும் என்றார்கள். அம்மா ஆபீஸ் தரையை மூன்று தடவை கழுவினாள். பெரியம்மா சொம்பு நிறைய மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, மூடியைக் கழற்றச் சொல்லி, வேப்பிலைக் கொத்தால் பெட்டிக்குள்ளேயே தெளித்தாள். களத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்தே கத்தினேன். பிளக்கைக்கூட யாரும் பிடுங்கியிருக்கவில்லை. சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான். எரிந்தது பிராசஸர் ஒன்றுதான், மாற்றியிருக்கலாம். மதர்போர்டைக் கொன்றது மஞ்சள் தண்ணீர். அதையும் என் தலையில்தான் எழுதினார்கள்.

சொல்லும்போது சிரிப்பாக இருக்கிறது இல்லையா? சிரியுங்கள். எனக்கு வரவில்லை.

பத்தாவதில் நல்ல மார்க்தான் எடுத்தேன். மார்க் ஷீட்டோடு அப்பா பெரியப்பாவின் முன்னால் நின்றார். உட்காரவில்லை, வழக்கம்போல. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அந்தப் பொட்டி இவளுக்கு ஆவாது. பாத்த இல்ல? நர்சிங் தொழிற்பிரிவு ஏதோ கீதாம், அதுல சேத்துவுடு. பொம்பளப் புள்ளைக்கு அது போதும்" என்றார் பெரியப்பா.

"சரிங்கண்ணா" என்றார் அப்பா. அத்தோடு முடிந்தது. இரண்டு வருடம் பேண்டேஜ் சுற்றக் கற்றுக்கொண்டேன். பக்கத்து வகுப்பில் கம்ப்யூட்டர் குரூப் பெண்கள் லேப்புக்குப் போகும்போது செருப்பைக் கழற்றி வரிசையாக விடுவார்கள். அந்தச் செருப்புகளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணனுக்குப் புதுப் பெட்டி வந்தது. எரிந்த பிராசஸரை அவன் எறியவில்லை. சதுரமான அந்தத் தட்டில் ஒரு மூலையில் துளை போட்டு, பைக் சாவியில் மாட்டிக்கொண்டான். நடுவில் பழுப்பாக ஒரு தீய்ந்த வட்டம். வாசலில் பைக் நிற்கும்போதெல்லாம் அது ஆடுவதைப் பார்ப்பேன். தா என்று கேட்டேன். "நீ தொட்டா பைக்கும் எரியும்" என்றான். அப்புறம் ஒரு நாள் நண்பர்களோடு கல்வராயன் மலை அருவிக்குப் போய்க் குளித்தபோது சாவியோடு தண்ணீரில் விட்டுவிட்டு வந்தான். எனக்குக் கொடுத்திருக்கலாம். அதைக்கூடக் கொடுக்கவில்லை.

என்னை மணலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். உரக்கடை. கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அதை நான்தான் பார்க்கிறேன். மாதத்துக்கு ஒரு முறை திறந்து, பிரஷ்ஷால் தூசி தட்டுவேன். எந்த நாள் என்று கணக்குப் பார்ப்பதில்லை. ஆயுத பூசைக்குச் சந்தனம் கடைச் சுவருக்கு வைப்பேன். பெட்டிக்கு வைக்க விடமாட்டேன்.

போன மாதம் பெரியப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம். கள்ளக்குறிச்சியில் பெரிய மண்டபம். போகாமல் இருந்தால் அம்மா அழுவாள் என்று போனேன். சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு ஒரு பக்கம் அம்மா, எதிர் வரிசையில் பெரியப்பா, அவர் பக்கத்தில் அண்ணன், அண்ணனின் மகன். அந்தப் பையன் புதிதாக வாங்கிய கேமிங் கம்ப்யூட்டரில் வேகத்தை ஏற்றி ஓவர்கிளாக் செய்யலாமா என்று அப்பனைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அதெல்லாம் எங்கிட்ட கத்துக்கடா" என்று அண்ணன் பாயசத்தை உறிஞ்சினான். "எண்ணூறு பொட்டிய ஆயிரத்துக்கு ஏத்தி, வோல்டேஜ் ஜாஸ்தி வெச்சு, பூசை அன்னிக்குப் புகைய வெச்சவன்டா உங்கப்பன். பழி அத்தை மேல பூட்ச்சு! பாவம், கன்னத்துல ஒன்னு வாங்குச்சு." என்னைக் காட்டிச் சிரித்தான்.

பந்தியே சிரித்தது. "அடத் திருட்டுப் பயலே!" என்று பெரியப்பா பொக்கை வாயால் சிரித்து, அவன் முதுகில் தட்டினார். என் அம்மாவும் சிரித்தாள். அதை நான் பார்த்தேன்.

பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இத்த அப்பவே சொல்லிக்கலாம் இல்ல நீ? கேட்டுக்க மாட்டமா?"

எனக்கு வாயில் சோறு இருந்தது. விழுங்கினேன். தண்ணீர் குடித்தேன். பிறகு என் இலையின் கீழ்ப்பாதியைத் தூக்கி எதிர்ப்பக்கமாக, சாவு வீட்டில் மடிப்பதுபோல் மடித்தேன். பரிமாற வந்தவன் மோர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டான். பெரியப்பாவின் சிரிப்பு நின்றது. அண்ணனும் பார்த்தான்.

"அடியே, நல்ல காரியத்துல இன்னாடி இது" என்று அம்மா பதறி, இலையைத் திருப்பி மடிக்கக் கையை நீட்டினாள்.

"தொடாதம்மா" என்றேன்.